இடது பக்க ஸ்பீக்கர்

ஜூலை 3, திங்கள்

காலையில் தலைக்குக் குளித்ததில் இடது காதுக்குள் தண்ணீர் போய்விட்டது. தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். வெளியே வரவில்லை.

வண்டியில் ரேடியோ போட்டால் இடது பக்க ஸ்பீக்கர் செத்துக் கிடக்கிறது. சனிக்கிழமை வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து நீதிமன்றத்துக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். பாட்டு இல்லாமல் அந்தச் சாலை முடியாது. சத்தத்தைக் கூட்டினேன். பக்கத்தில் இருந்த வடிவு குறைத்தாள். மறுபடி கூட்டினேன். "என்னக்கா, ஊருக்கே போடுதியளா" என்றாள். அவள் எங்கள் நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க். நான் சுருக்கெழுத்துத் தட்டச்சர். ஐந்து வருடமாக ஒரே வண்டியில் போய் வருகிறோம்.

வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். என் கணவர் ஜெயசீலன் அரசுப் பேருந்து ஓட்டுநர். எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு வருகிறவர் வீட்டு வண்டியைத் தொடமாட்டார். அதனாலேயே நாற்பத்து மூன்று வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ரேடியோ ரிப்பேரும் நானே பார்த்துக்கொள்வேன்.

ஜூலை 4, செவ்வாய்

வண்டியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ரேடியோவில் ஒலியை இடது வலதாக மாற்றும் வசதி இருக்கிறது. குமிழை அழுத்திவிட்டுத் திருப்ப வேண்டும். முழுக்க வலது பக்கம் வைத்தால் ஜோராகப் பாடுகிறது. முழுக்க இடது பக்கம் வைத்தால் பக்கத்து வீட்டு ரேடியோ போல மங்கலாக வருகிறது. அதுவும் வலது பக்கமிருந்து வருவது போலவே இருக்கிறது. வயரை யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது.

கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்தாயிற்று. பாதி வேலை முடிந்த மாதிரி.

ஜூலை 5, புதன்

ரேடியோ போகிற வழியில் மொத்தமாக அணைந்து, தானே உயிர் வந்தது. கடிகாரம் பன்னிரண்டு மணி காட்டியது. பிடித்து வைத்திருந்த நிலையங்கள் எல்லாம் அழிந்துவிட்டன. சாயங்காலம் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, அவருடைய மூக்குக் குறடால் பத்து ஆம்பியர் ஃபியூஸை உருவிப் பார்த்தேன். கால்கள் கறுத்திருந்தன. புதிது போட்டதும் கடிகாரம் நின்று நிதானமாக ஓடுகிறது.

வண்டிதான் கெட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

குனிந்து நிமிர்ந்ததில் தலை சுற்றியது. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பித்தம்.

ஜூலை 6, வியாழன்

ஒரு இரைச்சல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ரேடியோவை அணைத்த பிறகும் நிற்பதில்லை.

ஜூலை 7, வெள்ளி

எஃப்எம்மில் இரைச்சல் தாங்காமல் சிடி போட்டேன். இரண்டு பாட்டு தடுக்கித் தடுக்கிப் பாடிவிட்டு, மூன்றாவதில் நின்றது. வெளியே தள்ளும் பொத்தானை அழுத்தினால் உள்ளே கரகரவென்கிறது, தட்டு வரவில்லை. புத்தகத்தில் சொன்னபடி பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தேன். பிறகு பழைய ஏடிஎம் அட்டையை மெதுவாக விட்டு நெம்பினேன். வடிவு பயந்துபோய், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். நிறுத்தித்தான் இருந்தேன், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நீதிமன்றத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். தட்டு வரவில்லை.

வீட்டில் டிவி சத்தத்தைப் பற்றி அவரோடு வாக்குவாதம். அவர் பேருந்துச் சத்தத்தில் இருந்து வருகிறவர், அவருக்கு வீட்டில் எதுவுமே சத்தமாகத்தான் தெரியும்.

ஜூலை 8, சனி

மேலப்பாளையத்தில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் பீர்முகம்மதுவிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. இரண்டு வளைந்த கம்பிகளைப் பக்கவாட்டில் செருகி ரேடியோவை அலுங்காமல் இழுத்து எடுத்தார். பின்னால் ஆன்டெனா முள் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை அழுத்திச் செருகினார். மூடியைக் கழற்றி, சிக்கியிருந்த சிடியை எடுத்தார். அதில் நான் எழுதி ஒட்டியிருந்த காகிதச் சீட்டு சூட்டில் உரிந்து உருளையில் சுற்றியிருந்தது. சிடியில் இனிமேல் காகிதம் ஒட்டக் கூடாது என்றார். லென்சைப் பஞ்சால் துடைத்தார். தட்டு இப்போது தடுக்கவில்லை.

எல்லாம் சரி. இடது ஸ்பீக்கர் மட்டும் அப்படியே.

பீர்முகம்மது காதைக் கதவில் வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாகத்தானே பாடுகிறது என்றார். இல்லை என்றேன். அப்படியானால் கதவுக் கீலில் வயர் நைந்திருக்கலாம், செவ்வாய்க்கிழமை வாருங்கள், கதவைப் பிரித்துப் பார்க்கலாம் என்றார். செவ்வாய் வரைக்கும் பொறுக்க வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

கோயிலில் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காரவில்லை. இடது ஓரமாக, சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். காற்றோட்டமாக இருந்தது. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒருத்தி, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போகிறாயே என்று வருத்தப்பட்டாள். கூட்டத்தில் யாருக்குக் கேட்கும்.

சூடாக்கிய நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன். தண்ணீர் வற்றவேண்டும்.

ஜூலை 10, திங்கள்

மோசமான நாள்.

வழக்கு விவரமோ பெயரோ இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஒரு பெண், இருபத்துநாலு வயது. கணவன் மீதும் மாமனார் மீதும் கொடுமை வழக்கு. இன்று அவளுடைய சாட்சியம். கூண்டு எனக்கு இடது பக்கம். அவள் பேசியது வாய்க்குள்ளேயே நின்றது. மேலே மின்விசிறி வேறு கடகடவென்று ஓடியது. மூன்று முறை, சத்தமாகச் சொல்லும்மா என்றேன். நடுவர் அம்மா சின்ன வயது, பொறுமைசாலி. மூன்றாவது முறை என்னைத் திரும்பிப் பார்த்து, "ஹெப்சிபாம்மா, எனக்கே கேக்குதே" என்றார். வக்கீல்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு திரும்பச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. பதினெட்டு வருடத்தில் என்னைப் பார்த்து அந்த மன்றம் சிரித்ததில்லை.

ஒரு இடத்தில் ஒரு சொல் தெளிவாக இல்லை. அர்த்தத்தை வைத்துப் போட்டேன். முடிவில் நானே வாசித்துக் காட்டினேன். அழுதுகொண்டே தலையை ஆட்டினாள், கையெழுத்துப் போட்டாள். முறைப்படிதான் எல்லாம் நடந்தது.

மின்விசிறியைப் பற்றிப் பொதுப்பணித்துறைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ஜூலை 11, செவ்வாய்

வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். பீர்முகம்மது இடது கதவின் உள்பலகையைப் பிரித்தார். கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் கழலும்போது எனக்குப் பதற்றமாக இருந்தது. வயர் நையவில்லை. ஸ்பீக்கர் காகிதம் கிழியவில்லை. அவர் ஒரு சின்ன பேட்டரியை ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் தொட்டார், அது முன்னால் தள்ளிப் பின்னால் வந்தது. உயிர் இருக்கிறது என்றார்.

வேறு ஸ்பீக்கர் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார். அப்படியே இருந்தது. பிறகு ரேடியோவுக்குப் பின்னால் இடது வயரையும் வலது வயரையும் மாற்றிச் செருகினார். கோளாறு ரேடியோவில் இருந்தால் இப்போது அது வலது பக்கத்துக்கு மாறியிருக்க வேண்டும் என்று விளக்கினார். மாறவில்லை. வலது பக்கம் பாடியது. இடது பக்கம் மங்கலாகவே இருந்தது.

நான் ஓட்டுநர் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து இடது பக்கத்தையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று யாரோ என் வலது பக்க ஜன்னலில் தட்டினார்கள். பீர்முகம்மது. எப்போது சுற்றி வந்தார் என்று தெரியவில்லை. அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பக்கக் கதவுல நின்னு நாலு தடவ கூப்பிட்டேன்."

கேட்கவில்லை, ரேடியோ ஓடுகிறதல்லவா என்றேன்.

"ரேடியோவ அணைச்சுட்டுத்தான் கூப்பிட்டேன். வண்டியில ஒண்ணுமே இல்லக்கா. நீங்க ஒரு காது டாக்டரப் பாருங்க. இன்னைக்கே பாருங்க."

பாட்டு அணைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வலது பக்கம் சாலைச் சத்தமும் உள்ளே அந்த இரைச்சலும் இருந்துகொண்டே இருந்ததால் ஓடுவதாக நினைத்திருக்கிறேன்.

பலகையை மாட்டச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் இப்படித்தான் வாடிக்கையாளர் மேல் பழி போடுவார்கள். வண்ணார்பேட்டையில் இன்னொரு கடை இருக்கிறது.

ஜூலை 12, புதன்

போகும்போது ஒரு பள்ளத்தைத் தவிர்க்க இடது பக்கம் ஒதுக்கினேன். வடிவு என் கையை எட்டிப் பிடித்து ஸ்டியரிங்கைத் திருப்பினாள். இடது பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள். மனைவியும் குழந்தையும் பின்னால். தார்ச் சாலையை விட்டு மண்ணில் இறங்கி ஆடி நின்றது. அந்த ஆள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லையாம், ரொம்ப தூரமாக அடித்துக்கொண்டே வந்தானாம். வடிவு சொல்கிறாள்.

நாளையிலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள். கோபமாகக்கூட இல்லை. கையைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. வண்ணார்பேட்டைக் கடைக்கும் போகவில்லை.

ஜூலை 13, வியாழன்

நீதிமன்ற வராந்தாவில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் சாட்சியத்தின் நகல். திங்கள்கிழமை சாட்சி சொன்ன பெண்ணின் மாமியார். அவர் மீது வழக்கு எதுவும் கிடையாது; வழக்கு அவருடைய கணவர் மீதும் மகன் மீதும்தான். வக்கீல் நகலை வாசித்துப் பார்த்துவிட்டு, இனி உங்களையும் சேர்ப்பார்கள் என்று சொன்னாராம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வடிவிடம் தாளை நீட்டி, அந்த இடத்தை வாசித்துச் சொல்லும்படி கேட்டார். வடிவு வாசித்தாள். நான் வடிவின் இடது பக்கம் போய் நின்றுகொண்டேன்.

'மாமியார் என்னை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் பூட்டியே இருந்தது.'

அந்த அம்மா அழவில்லை. யாரிடமோ வழி கேட்பவர் போலப் பேசினார்.

"பூட்டுனது அவ மாமனாருல்லா. நான் ஜன்னல் வழியாச் சோறு குடுத்தேன். ரெண்டாம் நாளு அம்மிக் குழவியால பூட்ட உடைச்சதும் நாந்தான். அதுக்கு அந்த ஆளு என்னைய அடிச்ச அடி அவளுக்குத் தெரியும். எம்மருமவ இப்படிச் சொல்லுவாளாம்மா?"

அவள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்.

அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'மா' என்று தொடங்கி 'ஆர்' என்று முடிந்தது. நடுவில் ஒன்றும் காதில் விழவில்லை. என் விரல்கள் அரை வினாடி நின்றன. இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். சிரிப்பார்களே என்று நினைத்தேன். பூட்டி வைத்தார்கள் என்றால் யார் வைத்திருப்பார்கள், மாமியார்தான். எத்தனை சாட்சியங்களில் அந்தச் சொல்லை அடித்திருக்கிறேன். விரல் தானாகப் போயிற்று.

எனக்கும் சாயர்புரத்தில் ஒரு மாமியார் தனியாக இருக்கிறார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான்கு தடவை நடுவர் அம்மாவின் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். ஐந்து மணிக்கு அவர் கிளம்பிப் போய்விட்டார்.

ஜூலை 14, வெள்ளி

பத்து மணிக்கு முன்னால் அறைக்குள் போனேன். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"அம்மா, திங்கக்கிழமை சாட்சியத்துல ஒரு வார்த்தை தப்பு. சாட்சி மாமனார்னு சொல்லியிருக்கணும். மாமியார்னு அடிச்சுட்டேன்."

கை தவறிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்த வாசலை அவரே திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"கை தவறலம்மா. எனக்குக் கேக்கல. நானா ஒண்ணப் போட்டேன்."

ஏன் கேட்கவில்லை என்றார்.

"இடது காது கேக்கல."

பன்னிரண்டு நாளில் இதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. கணவரிடம் சொல்லவில்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார். ஜூலை மாதம் நான் எடுத்த எல்லாச் சாட்சியங்களின் பட்டியலையும் கேட்டார். பதினோரு பேர். ஒவ்வொன்றையும் வழக்கறிஞர்களை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்றார். இந்தப் பெண்ணைத் திரும்ப அழைக்க உத்தரவு போடுவதாகவும், என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கடைசியில், "இன்னைக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, வண்டிய நீங்க எடுக்க வேண்டாம்" என்றார்.

வண்டியை நீதிமன்ற வளாகத்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். ஜன்னல் ஓரம், இடது பக்கம். பாட்டு போட்டிருந்தார்கள். என்ன பாட்டு என்று கவனிக்கவில்லை.

ஜூலை 15, சனி

நேற்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். உடனே டிப்போவுக்குப் போன் செய்து இன்றைக்கு விடுப்புச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு எதுவும் வரவில்லை. இடது பக்கம் எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண், ஓடிக்கொண்டிருக்கிறது என்று கையால் காட்டினாள்.

டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்டார். நாலைந்து நாளாக என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார். பன்னிரண்டு நாளாக என்று மாற்றிச் சொன்னேன்.

தண்ணீரும் இல்லை, அழுக்கும் இல்லையாம். நரம்பு. திடீரென்று சிலருக்கு வரும், காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை என்றார். முதல் சில நாட்களுக்குள் வந்திருந்தால் வாய்ப்பு நிறைய இருந்திருக்கும், இப்போதும் முயற்சி செய்யலாம் என்றார். மாத்திரை பத்து நாள். வாரம் ஒரு தடவை செவிப்பறை வழியாக ஊசி.

அந்தச் சில நாட்களில் நான் ஃபியூஸ் மாற்றினேன், லென்ஸ் துடைக்க வைத்தேன், ஆன்டெனா செருக வைத்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

மாத்திரையில் பசி பசியாக எடுக்கிறது. மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. வீட்டிலிருக்கும் எல்லாத் திரைச்சீலையையும் துவைத்தேன்.

பீர்முகம்மது போன் செய்தார். கதவுப் பலகையில் ஒரு கிளிப் மாட்ட விட்டுப்போய்விட்டது, வந்தால் மாட்டித் தருகிறேன் என்றார். போனை வலது காதில் வைத்துக் கேட்டேன். டாக்டரிடம் போனேன் என்று சொன்னேன். சரிக்கா என்றார். அன்றைக்கு அவரைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூலை 24, திங்கள்

அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்த நாள். தட்டச்சுக்கு வேறு நீதிமன்றத்திலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் இடது ஓரமாக உட்கார்ந்தேன்.

நடுவர் அம்மா நகலை வாசித்துக் காட்டி, இதைச் சொன்னது நீதானா என்று கேட்டார். அவள் இப்போது நிமிர்ந்து, எனக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"மாமனார்னுதான் சொன்னேன். அத்த இல்லன்னா நான் இன்னைக்கு இங்க நிக்கவே மாட்டேன்."

அப்படியானால் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். வாசித்தபோது அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்றாள். வக்கீல் விடவில்லை, அரை மணி நேரம் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டு, அவள் சொன்ன மற்றவையும் பொய்யாக இருக்கலாம் என்று நிறுவப் பார்த்தார். நான் போட்ட ஒரு சொல்லுக்கு அவள் அந்தக் கூண்டில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அசையவில்லை. திருத்தம் பதிவாயிற்று.

வெளியே அந்த மாமியார் நின்றிருந்தார். கணவரும் மகனும் ஒரு பக்கம் நிற்க, இவர் தனியாகத் தூணருகே. நான் போய், தப்பு என்னுடையது, உங்கள் மருமகள் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "அவ சொல்லலன்னா போதும்" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே வந்த மருமகளை நோக்கி நடந்தார். இருவரும் ஒரே பஸ்ஸுக்கு நின்றார்கள், அது மட்டும் பார்த்தேன்.

மற்ற பத்துச் சாட்சியங்களில் பிழை இல்லையாம். வடிவு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

மறு பரிசோதனை. இடது காதில் தாழ்ந்த சத்தங்கள் கொஞ்சம் திரும்பியிருக்கின்றன. லாரி, இடி, ஆண்குரல். மேலே உள்ளவை வரவில்லை. இனி வரும் என்று டாக்டர் சொல்லவில்லை. இரைச்சல் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டும் என்றார்.

உத்தரவும் வந்துவிட்டது. நகல் பிரிவுக்கு மாற்றம். இனி யாரும் சொல்லக் கேட்டு அடிக்க வேண்டாம், எழுதியிருப்பதைப் பார்த்து அடித்தால் போதும். விளக்கக் கடிதத்தில் நான் எதையும் மறைக்காததால் அதோடு விட்டிருக்கிறார்கள் என்று வடிவு சொல்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது. அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஆகஸ்ட் 3, வியாழன்

நீதிமன்ற வளாகத்திலேயே கிடந்த வண்டியை எடுக்க இருவரும் போனோம். புழுதி ஏறியிருந்தது. நான் கைப்பையைத் துழாவும்போது அவர் கையை நீட்டினார். "சாவியக் குடு." கொடுத்தேன். இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர், கிளட்சைத் தேடிக் கால் வைத்து, இரண்டு தடவை வண்டியைக் குலுக்கி நிறுத்தினார்.

நான் இடது சீட்டில். என் நல்ல காது அவர் பக்கம். இந்த ஐந்து வருடத்தில் நாங்கள் இருவரும் இதில் போகும்போதெல்லாம் நான்தான் ஓட்டியிருக்கிறேன்.

சேரன்மகாதேவி தாண்டியதும் ரேடியோவை அணைத்தார்.

"கேக்கா?"

கேட்கிறது என்றேன்.

"அம்மாவ நம்மகூடக் கொண்டு வச்சுக்கிடலாமான்னு போன மாசம் கேட்டேன். வண்டியிலதான். நீ சரின்னுட்ட. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

எனக்குக் கேட்கவே இல்லை. எந்த நாள் என்றும் தெரியவில்லை. இந்த நோட்டிலும் இல்லை. கேட்காததையெல்லாம் சரி சரி என்றே சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை அவரிடம் சொன்னேன்.

"இப்பத் தெரியுது. ஆனா அன்னைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். அவ கோழி எல்லாத்தையும் அக்கம்பக்கத்துல குடுத்துட்டா." கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "உனக்குச் செரிப்படாதுன்னா சொல்லு. நான் பேசிக்கிடுதேன்."

பதினான்கு கோழிகள். போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லி எனக்குக் காட்டினார்கள். நான் அப்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அவசரப்படுத்தவில்லை. மேலப்பாளையம் கடைத்தெருவில் வேகத்தைக் குறைத்தபோது, இன்னொரு தடவை கேளுங்கள் என்றேன்.

"அம்மாவக் கூட்டிட்டு வந்துரலாமா?"

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாயர்புரம் போகிறோம். பின் சீட்டை மடக்கினால் ஒரு டிரங்குப் பெட்டியும் மடக்குக் கட்டிலும் கொள்ளும் என்று நினைக்கிறேன். நாளைக்கு அளந்து பார்க்க வேண்டும்.